கிட், மெர்க்குரியல் இரண்டும் கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்கள். கிட்டில் செய்த மாற்றத்தை மெர்க்குரியல் களஞ்சியத்துக்கு, அதாவது அந்தப் பதிவுகள் சேரும் இடத்துக்கு, கொண்டுபோவது எப்படி?

பேட்ச் வழியாக. எந்த ஃபைலில் எந்த வரி நீங்கியது, எது சேர்ந்தது என்று சொல்லும் எழுத்துக் கோப்புதான் பேட்ச்.

கிட்டின் ‘ஃபார்மேட்-பேட்ச்’ கட்டளை ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவு செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும்) ஒரு கோப்பு தரும். மெர்க்குரியலின் ‘இம்போர்ட்’ அதை எழுதியவர் பெயரோடும் குறிப்போடும் ஏற்கும். வரிசை எண்படியே ஏற்றுங்கள். எதிர்த்திசையில் மெர்க்குரியலின் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளை, பிறகு கிட்டில் ‘ஏஎம்’ கட்டளை. எக்ஸ்போர்ட்டில் கிட் வடிவ விருப்பத்தை மறக்கவே வேண்டாம். விட்டால் படம் போன்ற பைனரி ஃபைல்களின் மாற்றம் வராது, பெயர் மாற்றம் அழிப்பும் சேர்ப்புமாகப் பிரிந்துவிடும்.

மாறிய வரிகளுக்கு மேலும் கீழும் வழக்கமாக 3 வரிகள் அடையாளமாக இருக்கும். அவை மறுபக்கத்தில் பொருந்தாவிட்டால் பேட்ச் ஏறாது. பெரும்பாலும் காரணம் பழைய அடிப்படைப் பதிப்பு, அல்லது வரி முடிவைக் காட்ட விண்டோஸ் இடும் வேறுபட்ட குறி. இரு கிளைகளை ஒன்றாக்கும் மெர்ஜ் கமிட்டுகளை ‘ஃபார்மேட்-பேட்ச்’ விட்டுவிடும். மறுபக்கத்தில் நீங்களே மெர்ஜ் செய்ய வேண்டும்.

ஏற்றியபின் ஹாஷ் (ஒவ்வொரு கமிட்டுக்கும் கணக்கிடப்படும் அடையாள எண்) வேறாக இருப்பதால் கோட் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. முந்தைய கமிட்டின் ஹாஷையும் சேர்த்து, கிட்டும் மெர்க்குரியலும் தத்தம் முறையில் அதைக் கணக்கிடுகின்றன: ஒரே செலவை இரு கணக்கு நோட்டில் எழுதினால் வரிசை எண் வேறாவதுபோல.