ஈசிஜி கோடு ஏன் நடுங்குகிறது?

பினாங்கில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் எனக்கு வந்த கேள்விகளில் சில.

*பாலிடெக்னிக் பிராஜெக்டுக்கு ஈசிஜி பெருக்கி செய்கிறேன். இதய சிக்னல் 1 மில்லிவோல்ட்தானே என்று முதல் கட்டத்திலேயே 1000 மடங்கு பெருக்கினேன். வெறும் நேர்கோடுதான் வருகிறது. ஐசி சிப் எரிந்துவிட்டதா? — மாணவர், பாயான் லெப்பாஸ்*

ஐசி நன்றாகத்தான் இருக்கும், தம்பி. உடம்பில் ஒட்டும் எலெக்ட்ரோடும் ஜெல்லும் தோலும் சேரும் இடம் ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்யும். இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு இடையே அந்த வேறுபாடு 300 மில்லிவோல்ட் வரை இருக்கலாம் என்று வைத்துத்தான் கருவிகளை வடிவமைக்கிறார்கள். வெறும் 10 மில்லிவோல்ட் இருந்தாலே 1000 மடங்கில் 10 வோல்ட் ஆகிவிடும். நீங்கள் கொடுப்பதோ 9 வோல்ட். வெளியீடு உச்சியில் முட்டி அங்கேயே நின்றுவிடுகிறது, இதயத் துடிப்புக்கு இடமே இல்லை. முதல் கட்டத்தில் 5 முதல் 10 மடங்கு போதும். அப்புறம் ஒரு கெப்பாசிட்டரால் அந்த நிலையான வோல்டேஜைத் தடுத்துவிட்டு, மீதியை அடுத்த கட்டத்தில் பெருக்குங்கள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: உடம்பில் ஒட்டியிருக்கும்போது பேட்டரி மட்டும்தான். சார்ஜரில் செருகிய லேப்டாப்பைக்கூட இணைக்காதீர்கள்.

*அம்மாவின் ஈசிஜியில் கோடு முழுக்கச் சீப்புப் பல் போல இருந்தது. கைப்பேசிதான் காரணமா? — வாசகி, பட்டர்வொர்த்*

நான் முதலில் சுவர் மின்கம்பியைத்தான் சந்தேகிப்பேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தாளின் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி என்பதால், அதற்குள் 10 பற்கள் இருந்தால் ஆள் அதுதான். அந்த இரைச்சல் இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். பெருக்கி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்து, இதயம் மிஞ்சுகிறது. ஒரு எலெக்ட்ரோடு ஸ்டிக்கர் காய்ந்திருந்தாலும் இந்தச் சமநிலை கெட்டுவிடும். 50 ஹெர்ட்ஸ் வடிகட்டி பற்களை மறைக்கும், சரிதான். ஆனால் நான் முதலில் தோலைத் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வேன்.

*இதயம் மார்பில் இருக்க, வலது காலில் எதற்கு ஒயர்? — செந்தூல்*

அது இதயத்தை அளக்க அல்ல. மின்சார இரைச்சலைத் தலைகீழாக்கி உடம்புக்கே திருப்பி அனுப்பி அடக்குவதற்கு.

*வார்டு மானிட்டரில் அப்பாவுக்கு எஸ்டி பகுதி (ஒவ்வொரு துடிப்பிலும் உயரமான முனைக்கு அடுத்து வரும் தட்டையான துண்டு) இறங்கித் தெரிந்தது. 12 லீட் (மார்பிலும் கைகால்களிலும் ஒட்டி எடுக்கும் முழு ஈசிஜி) எடுத்தால் சரியாக இருக்கிறது. எதை நம்புவது? — பிரிக்ஃபீல்ட்ஸ்*

நோயைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும். கருவியைப் பற்றி நான் சொல்கிறேன். மானிட்டர்கள் பெரும்பாலும் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரைதான் விடும். மூச்சுவிடும்போதும் புரளும்போதும் கோடு அலையாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் எஸ்டி மெதுவாக நகரும் பகுதி. 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் சாதாரண வடிகட்டி அதையும் வளைத்துவிடும். 12 லீட் கருவி 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை விடுவதால் எஸ்டியை அதில்தான் பார்க்க வேண்டும். மானிட்டர் எந்த மோடில் இருக்கிறது என்று நர்ஸிடம் கேளுங்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி திரும்பினால் மட்டும் எந்தத் திரையையும் பார்த்துக் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். மறுபடியும் 12 லீட் எடுத்துப் பார்ப்பார்கள்.