நாள் முழுக்க வெளியில் நிற்கும் சைக்கிளை எப்படிப் பூட்டுவது?

கேள்வி: புதிதாக ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். காலையில் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தினால் மாலையில்தான் எடுப்பேன். சைக்கிளோடு கடையில் கொடுத்த நம்பர் கேபிள் பூட்டைத்தான் போடுகிறேன். இது போதுமா? நல்ல விலையில் ஒரு பூட்டு வாங்கிவிட்டால் கவலையில்லாமல் இருக்கலாமா?

பதில்: போதாது. அந்தக் கேபிள் தடிமனாகத் தெரிவதற்குக் காரணமே மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறைதான். உள்ளே இருப்பது மெல்லிய கம்பி இழைகளை முறுக்கிச் செய்த வடம், பைக்குள் அடங்கும் ஒரு சின்ன கட்டரால் சில விநாடிகளில் பெரிய சத்தம் ஏதுமில்லாமல் நறுக்கிவிடலாம். மலிவான நம்பர் பூட்டுகளுக்குக் கட்டர்கூடத் தேவைப்படாது. பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண் வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினால், சரியான எண் வரும்போது பழகிய விரலுக்குத் தெரிந்துவிடும்.

விலை அதிகமான பூட்டு வாங்கினால் போதுமா என்றால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் (சுழலும் தகட்டால் இரும்பை அறுக்கும் கைக்கருவி) இருந்தால் நல்ல பூட்டுகளில் பெரும்பாலானவற்றை ஓரிரு நிமிடத்தில் அறுத்துவிடலாம். ஆனால் அதற்குத் தீப்பொறி பறக்கும், ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம் வரும். தெருவில் சைக்கிள் தேடித் திரிகிறவர்களில் பலர் அவ்வளவு தூரம் போவதில்லை, எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதைத்தான் எடுக்கிறார்கள். உங்கள் சைக்கிளை எடுக்க அதிக நேரமும் சத்தமும் ஆகும்படி செய்வதுதான் நம்மால் முடிந்தது. அதில் பூட்டின் விலைக்கு இருக்கிற பங்கைவிட, அதை எதோடு சேர்த்து எப்படிப் போடுகிறீர்கள் என்பதற்கு இருக்கிற பங்கு பெரியது.

சரி, என்ன பூட்டு? உங்கள் தேவைக்கு யு-லாக், அதாவது ஆங்கில U வடிவில் வளைத்த தடித்த கம்பியும் அதன் வாயை மூடும் குறுக்குக் கம்பியும் கொண்ட பூட்டு. கெட்டிப்படுத்திய எஃகில், குறைந்தது 13 மில்லிமீட்டர் தடிமன், 16 இருந்தால் கையால் அழுத்தும் போல்ட் கட்டர் கிட்டத்தட்ட பலிக்காது. யு-வின் இரண்டு முனைகளும் குறுக்குக் கம்பிக்குள் தனித்தனியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று கேளுங்கள்; ஒரு முனை மட்டும் பூட்டிக்கொள்ளும் வகையில் ஒரு இடத்தில் வெட்டினாலே பூட்டைத் திருகிக் கழற்றிவிடலாம், இரண்டும் பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வெட்டியாக வேண்டும். அட்டையில் கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. மாதிரி வெளியார் சோதித்துத் தரும் முத்திரை இருந்தால் அதைப் பாருங்கள். பழைய பூட்டு யாராவது கொடுத்தால் சாவித்துவாரம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2004-இல் கிரிப்டோனைட் கம்பெனியின் அந்த வகைப் பூட்டுகளைச் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவின் குழாயை உள்ளே திணித்துத் திருப்பியே திறக்க முடிகிறது என்று தெரியவந்து, கம்பெனி அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாற்றுப் பூட்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது பூட்டும் முறை. ஃபிரேம், பின் சக்கரம், தரையில் ஊன்றிய கம்பி, இந்த மூன்றும் ஒரே யு-வுக்குள் வர வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் கம்பியோடு பூட்டிவிட்டுப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், மனசு பதறும். கியர் சைக்கிள்கள் பலவற்றில் முன் அச்சில் ஒரு நெம்புகோல் இருக்கும், அதைத் திருப்பித் தளர்த்தினால் சக்கரம் தனியே வந்துவிடும், மாலையில் நீங்கள் வரும்போது கம்பியில் சக்கரம் மட்டும் இருக்கும். பின் சக்கரத்தில் இருக்கும் வளையப் பூட்டை மட்டும் நம்புவதும் அப்படித்தான். சைக்கிளை ஓட்டத்தான் முடியாது, தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்ற முடியும்.

சின்ன யு-லாக்கில் மூன்றும் அடங்காது என்பார்கள். அதற்கு அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் ஒரு வழி சொன்னார். சீட்டுக்கடியில் செங்குத்தாக இறங்கும் குழாயும், அதன் மேலிருந்தும் கீழிருந்தும் பின் அச்சுக்குப் போகும் குழாய்களும் சேர்ந்து ஒரு முக்கோணமாக இருக்கும். பின் சக்கரத்தின் ரிம்மும் டயரும் அந்த முக்கோணத்துக்குள் வருகிற இடத்தில் யு-வை விட்டுக் கம்பியோடு பூட்டினால், குழாயைத் தொடாமலேயே ஃபிரேமும் மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் சக்கரத்தை அந்த இடைவெளி வழியாக உருவ முடியாது. ரிம்மையே அறுத்தால் எடுக்கலாமே என்று ஒரு வாதம் உண்டு. அறுக்கலாம்தான், ஆனால் சைக்கிளின் விலை கூடிய பாகங்களில் ஒன்றைப் பாழாக்கி, ஓட்டவும் முடியாத ஒன்றைத் தூக்கிப்போக வேண்டும். யு கொஞ்சம் பெரிதாக இருந்தால் சீட் குழாயையும் சேர்த்தே பூட்டிவிடுங்கள், எந்த வாதமும் வேண்டாம்.

பூட்டுக்குள் எவ்வளவு குறைவாக இடம் மிச்சமிருக்கிறதோ அவ்வளவு நல்லது. காலியிடம் இருந்தால் அதற்குள் கடப்பாரையோ சின்ன ஜாக்கியோ விட்டு நெம்பிப் பிளப்பார்கள். பூட்டு தரையில் கிடக்கவும் கூடாது, தரை அணையாகக் கிடைத்தால் சுத்தியல் அடியும் கட்டரின் அழுத்தமும் முழுசாக இறங்கும். சாவித்துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும்.

பூட்டுவதற்கு முன் கம்பியைப் பிடித்து ஒருமுறை நன்றாக ஆட்டுங்கள். அறிவிப்புப் பலகைக் கம்பமென்றால் அண்ணாந்து பாருங்கள், குட்டையாக இருந்தால் சைக்கிளைப் பூட்டோடு மேலே தூக்கி உருவிவிடலாம். அடியில் நட்டு போட்டிருந்தால் யாரும் கழற்றலாம். முன்கூட்டியே அறுத்து வைத்து டேப் சுற்றி மறைத்த கம்பிகளும் உண்டு. கம்பி வேலியையும் இளமரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

முன் சக்கரத்துக்கு உங்கள் பழைய கேபிளையே பயன்படுத்தலாம், ஃபிரேமோடு சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் அச்சில் இருக்கும் நெம்புகோலை மாற்றி ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) போட்டுத் திருகும் வகையைப் பொருத்துங்கள். சீட்டுக்கும் அதே வைத்தியம். விளக்கு, பம்பு, பாட்டில் எல்லாம் பையோடு வந்துவிடட்டும்.

தினமும் அதே இடம், அதே நேரம் என்பதுதான் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை. யாராவது கவனித்தால் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள பக்கமாக, இடத்தை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். ஒரு நாள் வந்து பார்க்கும்போது டயர் காற்றில்லாமல் கிடந்தாலோ, முன்பின் தெரியாத இன்னொரு பூட்டு உங்கள் சைக்கிளில் தொங்கினாலோ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் அப்படிப் போக வேண்டும், ராத்திரி வந்து எடுக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுகிற வேலை அது. டயர் என்றால் உருட்டிக்கொண்டாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பூட்டு என்றால் அங்கிருக்கும் காவலாளியையோ போலீசையோ உடனே கூப்பிடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை: சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு போகிற குழாயின் அடியில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள். திருட்டுப் போனபின் புகார் கொடுக்கவும், எங்காவது கிடைத்தால் உங்களுடையது என்று காட்டவும் அதுதான் உதவும். ஏர்டேக் போல, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்னக் கருவி ஒன்றை ஒளித்து வைக்கலாம், ஆனால் யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, கூடவே நகரும் தெரியாத ஏர்டேக் பற்றி எடுத்துப்போகிறவரின் போனுக்கே அறிவிப்பு போகும்படி வைத்திருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. இடம் தெரிந்துவிட்டாலும் தனியாகப் போய் நிற்காதீர்கள், போலீசோடு போங்கள்.

அப்புறம், வீட்டு மாடிப்படிக்கடியிலும் குடியிருப்பின் பொது நிறுத்துமிடத்திலும் இதே மாதிரி பூட்டுங்கள், அங்கேயும் நிறையத் திருட்டு நடக்கிறது. புதுப் பூட்டின் சாவியோடு எண் பொறித்த சின்னத் தகடு வந்தால் அந்த எண்ணையும் குறித்துவையுங்கள், பல கம்பெனிகள் அதைக் கேட்டுத்தான் மாற்றுச் சாவி தருகின்றன.