கோயில் நிலமும் கிராண்டில் உள்ள பெயரும்

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். எங்கள் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தில் லயத்து வீடுகளெல்லாம் இடிக்கப்பட்டுச் செம்பனை நட்டாகிவிட்டது. சிறிய மாதா கோயில் மட்டும் எஞ்சியிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை பூசை உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் கோயிலின் பூசைப் பாத்திரங்களையும் தம் தாயாரின் காசுமாலையையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள் என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்குத் தாராளமாகப் பாருங்கள் என்றார். ஆனால் கருவியோடு போன முதல் நாளே கோயில்பிள்ளை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். இங்கிலாந்தில் இதற்கு மறைமாவட்டத்தின் நிதி வாரியத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று படித்தேன். இங்கே யாரிடம் கேட்பது? சாமியார் சொன்னது போதாதா? ஏதாவது கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோயில்பிள்ளையின் மேல் வருத்தம் வேண்டாம். அவர் செய்ததுதான் சரி. பங்குச் சாமியார் அந்தக் கோயிலின் மேய்ப்பர். அந்த நிலத்தின் உடைமையாளர் அல்லர். கத்தோலிக்கத் திருச்சபையின் சொத்துக்கள் நம் மலேசியாவில் ஆயரின் பதவிப் பெயரில் பதிவு செய்யப்படுகின்றன. ஆள் மாறினாலும் பதவி தொடர்ந்து சட்டப்படி ஒரு நபராக விளங்கும்படி 1957ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பேராக் மாநிலம் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அந்த நிலம் உண்மையிலேயே திருச்சபையுடையதாக இருந்தால், உங்கள் கடிதம் சாமியார் வழியாகப் பினாங்கு ஆயர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சாமியாரின் வாய்ச்சொல் வீணல்ல, அது பரிந்துரை. ஆனால் அது அனுமதி ஆகாது.

‘உண்மையிலேயே திருச்சபையுடையதாக இருந்தால்’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துக் கோயில்கள் பலவும், மாரியம்மன் கோயிலானாலும் மாதா கோயிலானாலும், துரைமார் வாயால் கொடுத்த இடத்தில் எழுந்தவை. கோயில் மக்களுடையது, கூரை சபையுடையது, மண் மட்டும் கம்பெனியுடையது என்கிற நிலை இன்றும் பல இடங்களில் உண்டு. அதற்குள் தோட்டம் துண்டாடப்பட்டு இரண்டு மூன்று கை மாறியிருந்தால், இப்போதைய உடைமையாளருக்கே அப்படி ஒரு கோயில் இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவரின் கருவியோடு ஒரு பழைய தோட்டத்துக்குப் போனேன். சபை மூப்பர் ஒருவர் எங்களுக்குத் தலையசைத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் காவலாளி வந்து எங்களைத் தோட்ட அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். நிலம் கம்பெனியுடையது என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. பையில் இருந்ததை மேசைமேல் கொட்டச் சொன்னார்கள். வளைந்த கரண்டி ஒன்று, பால் வடிவதற்காக மரத்தில் அடிக்கும் தகரத் துண்டுகள் நான்கு, ஆறாம் ஜார்ஜின் தலை பதித்த பழைய சதுரக் காசு ஒன்று. நிர்வாகி அந்தக் காசை எடுத்துப் பெருவிரலால் மண்ணைத் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, தம் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆனாலும் அந்த அறையில் நியாயம் அவர் பக்கம் இருந்தது.

ஆகவே முதல் வேலை மாவட்ட நில அலுவலகத்தில். நிலத்தின் லாட் எண்ணை, அதாவது அந்தத் துண்டு நிலத்துக்குரிய பதிவு எண்ணைத் தெரிந்துகொண்டு போனால், சிறு கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைத் தேடிப் பார்க்கலாம். கோயில் பெயரில் ஆண்டுதோறும் நிலவரி கட்டப்படுகிறதென்றால் அந்த ரசீதிலேயே லாட் எண் இருக்கும். சாமியாரிடமோ கோயில் பொருளாளரிடமோ கேளுங்கள். அப்படி ரசீது எதுவும் இல்லை என்றால் அதுவே ஒரு துப்பு. கிராண்டில் கம்பெனியின் பெயர் இருந்தால் எழுத்து அனுமதி கம்பெனியிடமிருந்து வர வேண்டும். அப்போதும் வழிபாட்டு இடம் என்பதால் சபையின் சம்மதத்தையும் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

இங்கிலாந்து முறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே குருக்களின் பிழைப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலங்கள் 1978 முதல் மறைமாவட்ட நிதி வாரியங்களிடம் போய்விட்டன. கிடைக்கும் பொருளுக்கு 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. அவையெல்லாம் அந்த நாட்டு ஆங்கிலிக்கத் திருச்சபைக்கு. அவர்களுடைய மாதிரிக் கடிதத்தைப் பெயர் மாற்றிப் பினாங்குக்கு அனுப்பினால், படிப்பவருக்கு நீங்கள் யாரிடம் எதைக் கேட்கிறீர்கள் என்றே விளங்காது.

கடிதத்தை நீங்களே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். லாட் எண்ணையும், தேட விரும்பும் பகுதியைக் காட்டும் கைவரைபடத்தையும், எந்த நாட்களில் எத்தனை பேர் வருவீர்கள், எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள், தோண்டிய குழியைப் புல்லோடு எப்படி மூடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கோயில்பிள்ளையோ சபையார் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்; அனுமதி கொடுப்பவரின் பாதிக் கவலை அதிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டி சொன்ன கதையை மறைக்காமல் எழுதுங்கள். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பொழுதுபோக்குக்காகத் தேடுகிறேன் என்று எழுதிவிட்டு, பெட்டி கிடைத்த பிறகு இது எங்கள் குடும்பத்துடையது என்றால் யார் நம்புவார்கள்? 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், 1957இன் புதையல் சட்டத்தையும் 1976இன் தொல்பொருள் சட்டத்தையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் வந்தது. புதையல் என்று அது சொல்வது, மண்ணில் மறைந்து கிடந்து, உடைமையாளர் யாரென்று தெரியாத மதிப்புள்ள பொருளை. பூசைப் பாத்திரங்களின் உடைமையாளர் தெரிந்தவரே: அவை கோயிலுக்குரியவை, அவற்றைச் சாமியாரிடம் ஒப்படைப்பீர்கள் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். காசுமாலைக்கு உரிமை கோருவதானால், இப்போதே உங்கள் தாயாரோ பெரியம்மாவோ பாட்டி சொன்னதைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது நல்லது. பெட்டியில் இல்லாத வேறு எதுவும், பெயர் தெரியாதவர் புதைத்த வெள்ளிக்காசுகளோ அதைவிடப் பழையதாகத் தோன்றும் பொருளோ கிடைத்தால், அதை மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டியது உங்கள் கடமை. ஆயர் கையெழுத்திட்ட அனுமதி அந்தக் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது. ஆயரும் நீங்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளவும் முடியாது.

கல்லறைப் பக்கம் போகவே வேண்டாம். சிலுவை விழுந்து, பெயர் அழிந்து, வெறும் மேடாகக் கிடந்தாலும் அது கல்லறைதான். அடக்க இடத்தில் அத்துமீறி நுழைந்து பிறர் மனத்தைப் புண்படுத்துவதைத் தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நவம்பர் 2ஆம் நாள் மெழுகுவத்தியோடு வருகிறவர்களின் முகத்தில் நீங்கள் விழிக்க வேண்டும். வரைபடத்தில் கல்லறை எல்லையைக் கோடிட்டுக் காட்டி, இதற்குள் வரமாட்டேன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் என்பதால் சொல்கிறேன். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் படைகளுக்கும் இடையிலான சண்டைக்காலம், வந்தது. அது முடிய 1960 ஆயிற்று. அந்தக் காலத்துத் தோட்டா மண்ணுக்குள் இருப்பது அதிசயமல்ல. துருவேறிய நீள் உருண்டையாக எது தென்பட்டாலும் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு விலகி, 999க்கு அழையுங்கள்.

கருவியை நம்பிப் பெரிய கனவு காணவும் வேண்டாம். பழைய ரப்பர்க் காட்டில் மரத்துக்கு மரம் தகரமும் பால் பிடிக்கும் மங்கு கட்டிய கம்பியும் உண்டு. பத்தடிக்கு ஒருமுறை கருவி கத்தும். சாதாரணக் கருவிக்கு ஒற்றைக் காசு ஓரடி ஆழத்துக்குள் கிடந்தால்தான் கேட்கும். தகரப் பெட்டி சற்று ஆழத்திலும் கேட்கலாம். செம்பனை நட்டபோது புல்டோசர் மண்ணைத் தள்ளியிருந்தால் பெட்டி இடம் மாறியிருக்கும், அல்லது நசுங்கிச் சிதறியிருக்கும்.

மறைமாவட்டத்திலிருந்து பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் அந்தத் தோட்டத்தில் பிறந்த முதியவர்களைத் தேடிப்போய் ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: இப்போது நிற்கும் கோயில் பழைய கோயில்தானா, பின்னாளில் திரும்பக் கட்டியதா, பழைய கோயிலின் வாசல் எந்தத் திசையில் இருந்தது? பாட்டி சொன்ன ‘பின்னால்’ எந்தப் பக்கம் என்பது தெரியாமல் கைவரைபடத்தில் எங்கே கோடு போடுவீர்கள்?

அன்புடன்.