படமும் பக்கமும்: வாசகர் கேள்வி பதில்

சிறுவர் படப்புத்தகங்களுக்கு ஓவியம் வரைவது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை.

கிண்ணியா ஆசிரியை ஒருவர்: தோழி எழுதிய கதைக்கு 24 பக்கப் புத்தகமாகப் படம் வரையக் கேட்டிருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

தூரிகையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஆறு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடித்தால் 24 பக்க டமி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். பக்க எண்களைப் போடுங்கள். 1 தலைப்பு, 2 பதிப்பு விபரம். 3ஆம் பக்கம் தனிப்படம். 4-5 முதல் 22-23 வரை பத்து இரட்டைப் பக்கங்கள். 24 மறுபடி தனிப்படம். ஆக, கதைக்குக் கிடைப்பது பன்னிரண்டு காட்சிகள்தான். கதையை வெட்டி ஒட்டிப் பாருங்கள். இருபது காட்சிக்கு எழுதியிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

பிள்ளை பக்கம் திருப்புவது வலப்பக்க மூலையில். "கதவைத் திறந்தாள், அங்கே..." என்பது 11இல் நின்றால், அங்கே இருப்பது 12இல்தான் வரவேண்டும். இரண்டும் 10-11இல் சேர்ந்து விழுந்தால் வாசிப்பதற்கு முன்பே கண் பார்த்துவிடும்.

எழுத்து சொன்னதையே படமும் சொல்வதுதான் நாம் அதிகம் காணும் பிழை. "மழை பெய்தது" என்ற வரிக்கு மழைக்கோடு மட்டும் போட்டால் அந்தப் பக்கம் வீண். கவிழ்த்த தோணிக்கடியில் ஆட்டுக்குட்டி ஒதுங்கி நிற்கட்டும். படம் சொல்லிவிட்ட வரியை நீக்கலாமா என்று தோழியிடம் கேளுங்கள். மனம் சுளிப்பார், பரவாயில்லை, கேளுங்கள்.

நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்தில் 12-13 மட்டுமே ஒரே தாளில் அச்சாகும் இரட்டைப் பக்கம். மற்றவற்றில் இடப்பாதி ஒரு தாள், வலப்பாதி வேறு தாள். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் கோடு முறியும். கரைவலை இழுக்கும் நீண்ட வரிசை போன்ற காட்சியை 12-13க்கு வையுங்கள். மற்ற இடங்களில் மடிப்பின் இருபுறமும் ஒரு சென்ரிமீற்றருக்குள் முகமோ கையோ வேண்டாம்.

அளவு? 20 × 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அச்சானபின் ஓரம் வெட்டுவதற்காக வெளிவிளிம்புகளில் 3 மி.மீ. கூட்டினால் இரட்டைப் பக்க ஓவியம் 40.6 × 20.6 செ.மீ. சாதாரண ஏ4 ஸ்கேனரில் இது இரண்டு தடவையில் அடங்கும். 21 செ.மீ. புத்தகம் என்றால் ஓவியத்தின் உயரம் கண்ணாடியின் அகலத்தோடு முட்டிக்கொள்ளும், விளிம்பு மங்கும். ஸ்கேன் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும்.

எழுத்துக்கு வெளிறிய, அமைதியான இடம் விடுங்கள். எழுத்தைப் படத்துக்குள் வரையவே வேண்டாம். நான்கு வர்ண அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தட்டு. எழுத்து கறுப்புத் தட்டில் மட்டும் இருந்தால், சிங்களப் பதிப்புக்கு அந்த ஒரு தட்டை மாற்றினால் போதும். நீல வானத்தில் வெள்ளை எழுத்து அழகுதான். ஆனால் அந்த எழுத்து எல்லாத் தட்டிலும் ஓட்டையாக இருக்கும், அத்தனையையும் மாற்ற வேண்டும்.

நிலாவெளி வாசகர்: கணினியில் வரைந்த பளிச்சென்ற கடல்நீலம் அச்சில் சாம்பலாகிவிட்டது. அச்சகத்தின் பிழையா?

பெரும்பாலும் இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு மையால் காட்டுகிறது. உங்கள் ஊர்க் கடலின் அந்தப் பச்சைநீலம் நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே போய்விடும். வரையத் தொடங்கும்போதே கணினிக் கோப்பைச் சிஎம்வைகேக்கு (அச்சின் நான்கு மை நிறமுறை) மாற்றி, கிடைக்கும் நீலத்துக்குள் வேலை செய்யுங்கள். பக்கத்தில் மணலின் இளமஞ்சளை வைத்தால் மங்கிய நீலமும் எடுப்பாகத் தெரியும். பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சும், இருண்ட இடங்கள் இன்னும் இருளும். அச்சேறப்போகும் அதே தாளில் ஒரு மாதிரி கேட்டு வாங்காமல் கையொப்பமிட வேண்டாம்.

உப்புவெளி வாசகி: நீர்வர்ணத் தாளில் வர்ணம் புள்ளி புள்ளியாக ஊறுகிறது. பழைய படங்களில் பூஞ்சணம்.

மாரிக்கால ஈரத்தின் வேலை. வர்ணம் உடனே ஊறாமலிருக்கத் தாளுக்குப் பசை ஏற்றியிருப்பார்கள். ஈரத்தில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே கெடும். கெட்ட இடம் ஒற்றுத்தாள் மாதிரிக் குடிக்கும். அந்தத் தாளைத் திருத்த முடியாது, ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதியதை மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் தரையிலிருந்து உயர்த்துங்கள். வர்ணப் பெட்டியையும் ஈரத்தோடு மூடக்கூடாது. ஒரு மணிநேரம் திறந்து காயவிட்டு மூடுங்கள். முடித்த ஓவியத்தை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். லமினேற் செய்யாதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது.

மூதூர் இளைஞர்: இதை நம்பிப் பிழைக்கலாமா? பதிப்பாளர் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்.

இதை மட்டும் நம்பி என்றால், தமிழில் கடினம். பாடநூல் படம், சுவரொட்டி, வகுப்பு எடுப்பது என்று ஒன்று கூடவே இருக்கட்டும்.

மொத்தத் தொகை வாங்குவது குற்றமில்லை. எதற்கு என்று எழுதாமல் வாங்குவதுதான் ஆபத்து. எந்த மொழி, எத்தனை பிரதி, மறுபதிப்புக்கு என்ன, மின்னூலுக்கு என்ன, மூல ஓவியம் யாரிடம், எத்தனை தடவை திருத்தம் (இரண்டு போதும்) எல்லாம் தாளில் வரட்டும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஒப்பந்தத்தில், பென்சில் படம் ஏற்கப்பட்டதும், இறுதிப் படம் கொடுக்கும்போது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். "எல்லா உரிமையும்" என்ற இரண்டு சொல்லில் போவது அவ்வளவும்.

வேலை தேடிப் போகும்போது இருபது தனிப்படங்களைக் காட்டாதீர்கள். ஒரே பிள்ளை, ஒரே கதை, ஐந்து படம். இத்தாலியின் பொலோஞா சிறுவர் புத்தகக் கண்காட்சியும் ஓவியர்களிடம் கேட்பது ஐந்து படங்களைத்தான். ஐந்திலும் முகம் மாறாமல் வருகிறதா என்றுதான் பதிப்பாளர் பார்ப்பார். முன், பக்கம், பின், உட்கார்ந்தது, அழுவது என அந்தப் பிள்ளையை முதலில் ஒரு தாளில் வரைந்து, சட்டைக்குக் கலந்த நிறத்தையும் ஓரத்தில் பூசி வையுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய ஐந்து தலை, அதாவது அதன் தலை உயரத்தைப்போல் ஐந்து மடங்கு. ஏழு தலை வைத்தால் குட்டையான பெரிய ஆள் வந்து நிற்பார்.

திருகோணமலை நகர், வயது 9: கோட்டைப் பக்கம் நிற்கிற மானை வரைந்தால் ஆடு மாதிரி வருகிறது. ஏன்?

மகள், காலைப் பார். பின்னங்காலில் பின்பக்கம் மடிகிற இடம் முழங்கால் இல்லை, குதிக்கால். அதை நிலத்துக்குக் கிட்ட வரைந்தால் ஆடாகிவிடும், கொஞ்சம் உயர்த்து. கழுத்தை நீட்டு. தொண்டையில் வெள்ளை விடு. புள்ளிகளைக் கண்டபடி தெளிக்காதே, முதுகோரமாக வரிசையாகப் போகும். குட்டிக்கு மட்டுமல்ல, பெரிய மானுக்கும் புள்ளி உண்டு. கொம்பு ஆண் மானுக்கு மட்டும்; ஒவ்வொன்றிலும் மூன்று கிளை. அது விழுந்து மறுபடி முளைக்கும், அதனால் கொம்பில்லாத ஆண் மானை வரைந்தாலும் பிழையில்லை.