வண்டியும் வழியும்: காயலாங்கடை ஸ்பிரிங் பழைய ஜீப்பில் பொருந்துமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ஜீப்புக்குப் புது பாடி கட்டி, மீன் பெட்டி ஏற்றவும் கடற்கரை மணலில் போகவும் பயன்படுத்தி வருகிறேன். உப்பில் இற்றுப்போய் பின்பக்க ஸ்பிரிங் கட்டின் மெயின் பிளேட் (மேலே இருக்கும் நீளமான முதல் பட்டை) முறிந்துவிட்டது. மதுரைக் காயலாங்கடையில், ஒரு பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் கட்டு ஒரு ஜோடி வாங்கினேன். பழைய கட்டு கண்ணுக்குக் கண் (முனைகளில் சுருட்டிய வளையங்களுக்கு இடையே) 110 செ.மீ. நீளம், 45 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமனில் 8 பிளேட். வாங்கியது 116 செ.மீ. நீளம், 60 மி.மீ. அகலம்; 8 மி.மீ. தடிமனில் 5 பிளேட். பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் அதன் சென்டர் போல்ட் நடுவில் இல்லை. ஒரு பக்கம் 55, மறுபக்கம் 61 செ.மீ. இருக்கிறது. ஒரு முனையைக் கேஸ் வைத்துக் காய்ச்சி, 6 செ.மீ. குறைத்துக் கண்ணைப் புதிதாகச் சுருட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், மண்டபம்

பதில்: செய்ய வேண்டாம். ஸ்பிரிங் எஃகு ஆலையிலேயே காய்ச்சிக் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்டது. பட்டறையில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அந்த இடம் பதம் இழந்து இளகிவிடும். தண்ணீரில் முக்கினாலோ கண்ணாடிபோல் நொறுங்கும். கண் இருக்கும் இடத்தில் மெயின் பிளேட் ஒன்றுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது என்பதால், அங்கே பதம் கெட்டால் ஓடும்போதே ஆக்ஸில் (சக்கர அச்சு) ஒரு பக்கம் விலகிவிடும். ஆகவே ஸ்பிரிங்கைக் காய்ச்சாமல், அதைத் தாங்கும் பிராக்கெட், கண்ணுக்குள் நுழையும் பின் (pin), அதைச் சுற்றிய புஷ், ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் ஆகியவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். இவை மலிவானவை; தவறினாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

உங்கள் பழைய கட்டில் சென்டர் போல்ட் சரிபாதியில், அதாவது 55 செ.மீ.யில், இருந்தால் வேலை பாதி குறைந்துவிடும். புதிய கட்டின் 55 செ.மீ. பக்கத்தை முன்னோக்கி வைத்தால் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்பக்க ஷாக்கிள் (கண்ணைத் தாங்கி ஆடும் இணைப்பு) பிராக்கெட்டை மட்டும் 6 செ.மீ. பின்னால் தள்ளினால் போதும். திருப்பி மாட்டினால் ஆக்ஸில் 6 செ.மீ. பின்னால் போய், இன்ஜின் விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சறுக்கு இணைப்பு பிடிப்பில்லாமல் கழன்றுவர வாய்ப்புண்டு; பிரேக் ஹோசும் இழுபடும். சுமை ஏறும்போது கட்டு தட்டையாகி நீளும் என்பதால், வண்டி தன் எடையில் நிற்கும்போது ஷாக்கிள் சற்றுச் சாய்ந்து, பின்னோக்கி ஆட இடமுள்ளதாக இருக்க வேண்டும்.

அடுத்தது விறைப்பு. அது அகலத்துக்கும் பிளேட் எண்ணிக்கைக்கும் நேராகவும், தடிமனின் கனத்துக்கு, அதாவது மும்மடிப் பெருக்கத்துக்கு, ஏற்பவும் கூடும். நீளத்தின் கனத்துக்கு ஏற்பக் குறையும். உங்கள் அளவுகளின்படி புதிய பிளேட் ஒன்று பழைய பிளேட் ஒன்றைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு விறைப்பானது. ஐந்தையும் மாட்டினால் பழைய கட்டைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு விறைத்து, வெறும் வண்டி குழிக்குக் குழி துள்ளும். மூன்று பிளேட் வைத்தால் பழைய மென்மை அப்படியே வரும். ஆனால் அதே சுமைக்குப் பிளேட்டில் ஏறும் தகைவு (உள்ளே ஏறும் இழுவிசை அழுத்தம்) ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். நான்கு வைத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் தகைவு பழையதைவிடக் குறைவு. ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் ஏற்றும் வண்டிக்கு நான்குதான் என் தேர்வு. கழற்றும் பிளேட், மெயின் பிளேட்டுக்கு அடுத்து அதன் கண்ணை ஒட்டி வரும் இரண்டாவதாக இருக்கக் கூடாது.

அகலம் 15 மி.மீ. கூடுவதால் முன், பின் பிராக்கெட்டுகளையும் ஆக்ஸில் மேல் ஸ்பிரிங் உட்காரும் இருக்கையையும் அகலமாகச் செய்ய வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை இருக்கைத் துளையில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். ஆக்ஸிலை நகராமல் பிடிப்பது அதுதான். பிராக்கெட்டைச் சட்டத்தோடு 8.8 தர எண் பொறித்த போல்ட்டுகளால் பிணையுங்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டிங் வைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். வெல்டிங் செய்யும் நேரத்தில் ஸ்பிரிங்கை வண்டியில் வைத்திருக்க வேண்டாம்; ஒரு தீப்பொறித் தழும்பு போதும், பின்னாளில் விரிசல் அங்கிருந்து தொடங்க. கண்ணுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை லேத்தில் கடைந்த கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ் ஈடுசெய்யும். பின்னில் கிரீஸ் நிப்பிள் வைத்தால், புது கிரீஸ் உள்ளே போகும்போது உப்புத் தண்ணீர் வெளியே தள்ளப்படும். யூ போல்ட்டுகள் புதியவையாகவே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால், பழைய அளவிலேயே புதுக் கட்டு செய்து தரும் ஸ்பிரிங் பட்டறைக்குத்தான் அனுப்பியிருப்பேன். மேற்சொன்ன கூலியையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: காயலாங்கடைக் கட்டில் துரு ஏறியிருந்தால் ஆசிட்டில் ஊறவைத்து எடுத்து, கழிவு ஆயில் அடித்துவிடலாமா? விரிசல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஆசிட் கூடவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமலே அதை நொறுங்கும்படி செய்துவிடும். கட்டைப் பிரித்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்துச் சிறிது நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து தூளில் ஒரு கோடாகத் தெரியும். சுமையில் இழுபடுவது பிளேட்டின் மேல்முகம் என்பதால் அதைத்தான் முதலில் பாருங்கள். சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும் கண் வளையும் இடத்திலும் இரண்டு முறை பாருங்கள். கோடு தெரிந்தாலும், நகத்தில் தட்டுப்படும் அளவு துருக்குழி இருந்தாலும் அந்தப் பிளேட் எடைக்குப் போட வேண்டியதுதான்.

இரு பக்கமும் கடல் இருக்கும் உங்கள் பகுதியில் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. இரும்பை அந்தக் காற்று எப்படித் தின்கிறது என்பதை ஆராய, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. கழிவு ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊதிக் கெடுப்பதோடு, அரிச்சல்முனை வரை போய்வரும் வண்டியில் மணலையும் பிடித்துவைக்கும். பிளேட்டுகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் தடவி, வெளிப்புறத்துக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் அடியுங்கள். மீன் பெட்டி இறக்கிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கேள்வி: வேறு வண்டியின் ஸ்பிரிங்கை இப்படி மாற்றி மாட்டுவது சட்டப்படி சரியா?
— வாசகர், கீழக்கரை

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சக்கர இடைத்தூரம் பதிவுச் சான்றில் உள்ள விவரம். ஆக்ஸிலை நகர்த்தாமல் வைப்பதற்கு இது இன்னொரு காரணம். பிராக்கெட்டை வெட்டுவதற்கு முன்பே, அளவு குறித்த வரைபடத்தோடு ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.