புது மானிட்டரில் எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது, திருப்பிக் கொடுத்துவிடவா?

அவசரப்பட வேண்டாம். 27 அங்குலம், 1920×1080, ஹெச்டிஎம்ஐ கேபிள், விண்டோஸ் என்கிறீர்கள். வீடியோ நன்றாக ஓடுகிறது, பிரவுசரில் எழுத்துதான் கசங்குகிறது, அதே பக்கம் 15.6 அங்குல லேப்டாப்பில் கத்தி மாதிரி இருக்கிறது. இதற்கு "4கே (3840×2160) மானிட்டர் வாங்கு" என்று ஒரே வரியில் பதில் சொல்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்று பார்க்காமல் வாங்கினால் அதே மங்கல் 4கே திரையிலும் வந்து நிற்கும்.

முதலில் கணக்கு. 15.6 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல் (திரைப் புள்ளி). அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான். லேப்டாப் அளவுக்கு இது ஒருபோதும் வராது. எந்த செட்டிங்கும் பிக்சலைப் பெருக்காது. ஆனாலும் 82 என்பது சொரசொரப்பாகத் தெரிய வேண்டுமே தவிர, மங்கலாகத் தெரியக் கூடாது. படிக்கட்டு மாதிரி ஓரம் தெரிந்தால் அது பிக்சல் குறைவு. எழுத்தைச் சுற்றி நிழல், வெள்ளை வளையம், வண்ணக் கசிவு என்றால் வேறு எங்கோ தப்பு நடக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி: மங்கலாகத் தெரியும் பக்கத்தை அந்த மானிட்டரில் வைத்தே, அந்தத் திரையை மட்டும் முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தை லேப்டாப் திரைக்கு இழுத்துவந்து உண்மை அளவில் பாருங்கள். படத்திலும் மங்கல் இருந்தால் குற்றவாளி விண்டோஸ் அல்லது பிரவுசர். படம் சுத்தமாக இருந்தால் கேபிளுக்குப் போகும் சிக்னலோ மானிட்டரோ. படத்தின் அளவையும் பாருங்கள். 1920×1080 இல்லையென்றால் மானிட்டர் தன் சொந்த ரெசல்யூஷனில் (பிக்சல் எண்ணிக்கையில்) ஓடவில்லை. அதை மாற்றினாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும்.

படம் சுத்தம் என்றால் முதல் சந்தேகம் ஹெச்டிஎம்ஐ மீதுதான். கிராபிக்ஸ் கார்டு சில மானிட்டர்களை டிவி என்று நினைத்துக்கொள்கிறது. அப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தை மட்டும் தனித்தனியாக அனுப்பிவிட்டு, வண்ணத்தை இரண்டு அல்லது நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றாக அனுப்பும். படத்திலும் வீடியோவிலும் இது கண்ணுக்கே தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்துகூடத் தப்பித்துவிடும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைச் சின்னதாகப் போட்டுப் பாருங்கள், மை ஊறினது போல் கசியும். கிராபிக்ஸ் கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் கலர் ஃபார்மேட்டை ஆர்ஜிபி என்றும், டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்றும் வையுங்கள். ரேஞ்ச் லிமிடெட் என்று இருந்தால் கறுப்பு 0-க்குப் பதில் 16-இல் தொடங்கும், எழுத்து வெளிறிப்போகும்.

அடுத்து மானிட்டரின் சொந்த மெனுவில் உள்ள ஷார்ப்னெஸ். பெயரைப் பார்த்து ஏற்றிவிடாதீர்கள். அது புதிதாக விவரம் எதையும் சேர்ப்பதில்லை, ஓரங்களில் வெள்ளைக் கோடு இழுக்கிறது. டிவிகள் பலவற்றில் 0தான் நடுநிலை, மானிட்டர்கள் பலவற்றில் நடு எண். எழுத்தைச் சுற்றிய வளையம் மறையும் வரை இறக்கி, அங்கேயே விடுங்கள்.

இனி ஸ்கிரீன்ஷாட்டிலேயே மங்கல் என்றால். இரண்டு திரையிலும் ஒரே காட்சி வரும் டூப்ளிகேட்டில் வைத்திருந்தால், இரண்டும் தனித்தனியாக இயங்கும் எக்ஸ்டெண்டுக்கு மாற்றுங்கள். பிரவுசரில் கண்ட்ரோலும் 0-வும் சேர்த்து அழுத்துங்கள். ஜூம் தளத்துக்குத் தளம் தனியாக நினைவில் இருக்கும், என்றோ 90-க்குக் குறைத்தது இன்றும் அப்படியே இருக்கும். லேப்டாப் 125 அல்லது 150 சதவீத ஸ்கேலிங் (எழுத்தையும் பொத்தானையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு), மானிட்டர் 100 என்றால், கேபிளைச் சொருகியதும் ஒருமுறை சைன் அவுட் செய்து வாருங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடி (எழுத்தின் ஓரங்களைச் சீராக்கும் விண்டோஸ் நுட்பம் இது), அந்த மானிட்டருக்கு என்றே ஐந்து பக்கங்களிலும் தெளிவாகத் தெரியும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். குரோம் 132-ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தேர்வில் உள்ள கான்ட்ராஸ்ட்டையும் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) காமாவையும் (இடைப்பட்ட சாம்பல் நிறங்களின் வெளிச்சம்) மதிக்கிறது. அதற்கு முன்பு இதை மாற்றியும் குரோமில் பெரிய பலன் தெரியவில்லை என்றவர்கள் சொன்னது சரிதான்.

தமிழுக்கு இதில் கூடுதல் கஷ்டம் உண்டு. ஆங்கிலத்தின் சின்ன "n" எழுத்துக்கு இரண்டு கோடு, நடுவில் ஓர் இடைவெளி, அவ்வளவுதான். ணை என்ற எழுத்தைப் பாருங்கள். கோட்டுக்கு ஒரு பிக்சல், இடைவெளிக்கு ஒரு பிக்சல் என்று கஞ்சத்தனமாகப் பிரித்தாலும் 12 பிக்சல் அளவில் இடம் போதாது. மிச்சத்தைப் பிரவுசர் சாம்பல் நிறத்தால் நிரப்பிவிடும், சுழி அடைபட்டுவிடும். தடித்த எழுத்தில் இன்னும் மோசம்: தளத்தில் கொடுத்த தமிழ் எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் இல்லையென்றால் பிரவுசரே கோட்டைத் தடிப்பாக்கிப் போலியாக ஒன்று செய்யும். பயர்பாக்ஸில் எழுத்துரு அமைப்பின் அட்வான்ஸ்டு பகுதியில் தமிழுக்கு மட்டும் தனி எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் வைக்கலாம். 16 வைத்துப் பாருங்கள். குரோமின் அமைப்பில் மொழிவாரியாகப் பிரிக்க வழியில்லை. குறைந்தபட்ச அளவை ஏற்றினால் எல்லா மொழிக்கும் ஏறும், சில தளங்களில் மெனு உடையும்.

பயர்பாக்ஸ் விளம்பரம் என்று யாராவது கிளம்புவார்கள். இல்லை, மற்ற வேலைக்கு எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குரோமில் மங்கல் என்று எட்ஜுக்கும் பிரேவுக்கும் ஓபராவுக்கும் தாவுவதில் பயனில்லை, உள்ளே ஓடுவது ஒரே எஞ்சின்.

பக்கத்தை வடிவமைத்தவர் செய்யும் தப்பும் ஒன்று உண்டு. வெள்ளையில் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தில் எழுதினால் கான்ட்ராஸ்ட் 2.85-க்கு 1தான். வலை அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. அப்படிப்பட்ட பக்கத்தை வைத்து மானிட்டரை எடைபோடாதீர்கள். எழுத்தை மட்டும் எளிய வடிவில் காட்டும் ரீடர் மோடில் போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சொரசொரப்பு மட்டும் மிஞ்சி, அது உறுத்தினால் மாற்றலாம். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109 பிக்சல், ஸ்கேலிங் 100-லேயே வசதி. 4கே என்றால் 163, ஸ்கேலிங்கை 150-இல் வைக்க வேண்டிவரும். மேக்கையும் இணைப்பதாக இருந்தால் 4கே பக்கம் போங்கள். 2018-இல் வந்த மொஹாவே என்ற மேக் பதிப்பிலிருந்து கிளியர்டைப் போன்ற நுட்பத்தை மேக் கைவிட்டுவிட்டது, குறைந்த பிக்சல் திரையில் எழுத்து கொஞ்சம் உப்பித் தெரியும். 4கே வாங்கிச் சொருகியதும் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் மறுபடி மானிட்டரைத் திட்ட வேண்டாம். லேப்டாப்பில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டாக இருக்கலாம், அதில் 4கே திரையின் படம் வினாடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்கப்படாது. டிஸ்ப்ளேபோர்ட்டோ, டிஸ்ப்ளே அனுப்பக்கூடிய யூஎஸ்பி-சி போர்ட்டோ இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.