ஸ்காண்டிநேவியாவில் கொலை எப்போது மரண தண்டனைக்குரிய குற்றமானது?

ஸ்காண்டிநேவியாவில், அதாவது டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளில், ஒரு காலத்தில் ஆளைக் கொன்றுவிட்டுப் பணம் கட்டித் தப்பிக்கலாமாமே, அது எப்படி மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பிக்கலாம் என்பது பாதி உண்மைதான். டென்மார்க்கில் 1241இல் வந்த ஜூட்லாந்துச் சட்டப்படி ஓர் உயிருக்கு ஈடு 54 மார்க் (அந்தக் காலத்துப் பண அளவு). அதில் ஒரு பங்கைக் கொன்றவன் கட்டவேண்டும், இன்னொன்றை அப்பாவழிப் பங்காளிகள், மூன்றாவதை அம்மாவழிச் சொந்தங்கள். ஒருவன் கத்தி எடுத்தால் சித்தப்பாவுக்கும் மாமனுக்கும் சேர்த்துக் கையைக் கடிக்கும். பழிக்குப் பழி என்று வெட்டிக்கொண்டு சாகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது.

கொன்றதை மறைக்காமல் உடனே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிடவேண்டும் என்பது நார்வே வழக்கம். மறைத்தால்தான் அது ஈனச்செயல்.

அப்புறம் அரசர் உள்ளே வந்தார். நார்வேயில் கொன்றவன் முதலில் பாதுகாப்புக் கடிதம் வாங்குவான், பிறகு சாட்சிகளை விசாரிப்பார்கள், அரசருக்கும் இறந்தவனின் வீட்டாருக்கும் பணம் கட்டியதும் நாட்டில் தங்க அனுமதிக் கடிதம் கிடைக்கும். இந்தக் கடிதங்கள் நிறையவே இன்றும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அரசருக்கு இதில் நீதியோடு வருமானமும் கண்ணில் பட்டிருக்கும்.

பணம் கட்டித் தப்பிக்கும் கதவை அடைத்தது கிறிஸ்தவ மதச் சீர்திருத்தம். டென்மார்க் 1536இல் கத்தோலிக்கத்தை விட்டு, மார்ட்டின் லுத்தரின் வழியைப் பின்பற்றும் லுத்தரன் நாடானது. கொலைகாரனின் உயிருக்கு மீட்கும் பொருள் வாங்கக்கூடாது என்கிறது பைபிளின் எண்ணாகமம். சிந்திய ரத்தத்துக்குத் தண்டனை தராவிட்டால் கடவுளின் கோபம் தேசத்தின் மேலேயே விழும் என்று நம்பினார்கள். சுவீடனில் 1608இல் அச்சான சட்டநூலோடு பைபிளில் உள்ள மோசேயின் சட்டங்களையே பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். 1683ஆம் ஆண்டு டேனிஷ் சட்டம் உயிருக்கு உயிர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

ஆனால் காகிதத்தில் இருந்த கடுமை நடைமுறையில் இல்லை. 1614இல் ஸ்டாக்ஹோமில் அமைந்த ஸ்வேயா மேல்முறையீட்டு நீதிமன்றம் பல மரண தண்டனைகளைக் குறைத்தது. இறந்தவனின் குடும்பம் சமாதானமாகிவிட்டதா என்பது 17ஆம் நூற்றாண்டிலும் கணக்கில் எடுக்கப்பட்டது.

இதில் ஒரு விபரீதமும் நடந்தது. தற்கொலை செய்தால் நரகம், மனந்திரும்பித் தூக்குமேடை ஏறினால் மோட்சம் என்று நம்பிய சிலர், சாவதற்காகவே யாரையாவது, பெரும்பாலும் குழந்தைகளை, கொன்றார்கள். அதனால் 1767இல் டென்மார்க் இவர்களுக்கு மட்டும் மரண தண்டனையை எடுத்துவிட்டு, சாட்டையடியும் ஆயுள் முழுக்கக் கடும் உழைப்பும் விதித்தது.